விடைகொடுக்கும் விதம்

வயதேறிய ஆட்டக்காரரை அணி வைத்துக்கொள்ள வேண்டுமா, வேறோர் அணிக்கு மாற்றிவிடலாமா? இதை விளையாட்டுப் பக்கத்துக் கேள்வி என்று நாம் தள்ளிவிடுகிறோம். எனக்கென்னவோ, இது அறத்தைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனித்தரையில் ஹாக்கி ஆடுகிறார்கள். அங்கே மார்க் ஆந்திரே ஃப்ளூரி என்றொரு கோல்காவலர். பிட்ஸ்பர்க் அணி அவரை 2003-ல், 18 வயதில், எடுத்துக்கொண்டது. அவர் இருந்த காலத்தில் மூன்று முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. 2017-ல் லாஸ் வேகாஸில் புதிய அணி ஒன்று பிறந்தது. பழைய அணிகள் ஒவ்வொன்றும் அதற்கு ஓர் ஆட்டக்காரரை இழக்க வேண்டும். ஒரே ஒரு கோல்காவலரைத்தான் காப்பாற்றிக்கொள்ளலாம். பிட்ஸ்பர்க்கில் மாட் மரே என்ற இளைஞர் இருந்தார். ஃப்ளூரியைச் சம்மதமின்றி அசைக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. அணி கேட்டது, அவர் இணங்கினார்.

வேகாஸில் அவருக்குப் புதுவாழ்வு மலர்ந்தது. 2021 ஜூனில் சிறந்த கோல்காவலருக்கான வெசினா விருது கிடைத்தது. அடுத்த மாதமே சிகாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு வயது 36. அணியின் சம்பள வரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். அதில் 70 லட்சம் அவருடையது. சுமை இறங்கியதே லாபம். அணியிலிருந்து ஒரு வார்த்தை வருமுன்பே செய்தி பரவிவிட்டது என்று அவருடைய பிரதிநிதி பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

“2023-ல் வேகாஸ் கோப்பையை வென்றதே! கணக்குச் சரிதானே?” என்றார் நண்பர்.

சரிதான். ஆனால் பிட்ஸ்பர்க் நம்பி வைத்துக்கொண்ட இளைஞரை 2020-ல் அதே அணி ஆட்டாவாவுக்கு அனுப்பிவிட்டது. வெற்றியே நியாயத்தின் அளவுகோல் என்றால், கேட்டு அனுப்பியவர்கள் தவறு செய்தவர்கள். கேளாமல் அனுப்பியவர்கள் நல்லவர்கள் என்றல்லவா ஆகும்?

இடம் யாருக்கும் பட்டா எழுதிக்கொடுத்ததல்ல. காத்திருக்கும் இளைஞனுக்கும் நியாயம் உண்டு. இரக்கப்பட்டு முதியவரை நிறுத்திவைப்பது அவருக்கே அவமானம். அனுப்பலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். அந்தக் குறை மெய்யானால், வேகாஸ் பட்ட கடன் அந்த ஒரு வார்த்தைதான்.

நண்பர் விடவில்லை. “பிட்ஸ்பர்க் மட்டும் மனமிரங்கியா கேட்டது? ஒப்பந்த ஷரத்து கேட்க வைத்தது!”

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. நன்றி செய்ய வேண்டிய வேலையை அங்கே சட்டம்தான் செய்தது.

ஆனால் 2025 செப்டம்பரில், ஓய்வை அறிவித்துவிட்ட ஃப்ளூரிக்கு, ஒரு பயிற்சி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பழைய கோலுக்கு முன்னே மறுபடி நிற்கும் வாய்ப்பைப் பிட்ஸ்பர்க் அளித்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. அன்று எந்த ஷரத்தும் அந்த அணியைக் கட்டாயப்படுத்தவில்லை.