கைநாட்டு வாங்கும் முன்

ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் முடிந்தவரைப் பற்றி மதுரைப் பக்கம் மூன்று தீர்ப்புகள் உண்டு. ஐசியுவில் ராத்திரி பிதற்றினால், "காத்து கருப்பு அண்டிருச்சு." மூன்று மாதம் கழித்துக் கணக்குத் தப்பினால், "மெசின்ல போட்டு மூளையக் கெடுத்துட்டாய்ங்க." வீட்டில் எரிந்து விழுந்தால், "இம்புட்டு லட்சம் செலவழிச்சுக் காப்பாத்துனோம், நன்றி கெட்ட மனுசன்." மூன்றுமே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. முதல் தீர்ப்பைக் கேட்டுச் சிரிக்கும் பகுத்தறிவாளர்கள் பலர் மற்ற இரண்டையும் கூசாமல் சொல்கிறார்கள். என் சண்டை அவர்களோடுதான்.

நடப்பது என்ன? மார்பெலும்பை நடுவில் அறுத்து, பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரமோ அதற்கு மேலுமோ அது துடிப்பதில்லை. இயந்திரம் ஒன்று ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றி உடம்பு முழுவதும் ஓட்டுகிறது. 1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இந்த இயந்திரத்தை வைத்து முதல் வெற்றி கண்டார். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உசிலம்பட்டிக் கூலிக்காரருக்கும் அது கிடைக்கிறது.

அந்த ஒரு மணி நேரமும் இதயம் நின்றிருந்தது, ஆள் சாகவில்லை. அன்பும் மானமும் நெஞ்சுக்குள் இருப்பதாக நம்புகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நின்ற இதயம் மறுபடி துடித்ததும் பழைய மனிதர் திரும்பிவிடுகிறார். மூளைக்குப் போகும் ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று சிக்கினால் வேறொரு மனிதர் திரும்பலாம்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதைத் தொடும் பெரியவர் மேலே எறும்பு ஊர்கிறது என்கிறார். செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுகிறார். நர்ஸ் விஷ ஊசி போடுகிறாள் என்று குழாயைப் பிடுங்கப் போகிறார். இதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். நம் பாட்டிகள் ஜன்னி என்றார்கள். மயக்க மருந்து, வலி, உடம்பெங்கும் அழற்சி, தூக்கமின்மை, பகலா இரவா என்று தெரியாத டியூப்லைட் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். அதற்குள் வீட்டில் யாராவது கோடாங்கியிடம் ஓடி, உடுக்கை அடித்துக் குறி கேட்டு, திருநீறு வாங்கி வந்திருப்பார்கள். தானாகத் தெளிந்ததற்குத் தட்சணை கோடாங்கிக்கு. மாறிப்போன மனிதரைப் பேயின் கணக்கில் எழுதும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் பார்த்தோம். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் தீயில் வெந்து செத்தார்கள்.

அடுத்தது இயந்திரத்தின் மேல் போடும் பழி. இதற்கு ஒரு காலத்தில் ஆதாரமும் இருந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பைபாஸ் செய்துகொண்ட 261 பேரைத் தொடர்ந்து சோதித்து 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். வீடு திரும்பும்போது 53 சதவீதம் பேருக்கு நினைவும் கவனமும் முன்பைவிடக் குறைந்திருந்தன. ஆறு வாரத்தில் அது 36 ஆனது, ஆறு மாதத்தில் 24. ஐந்தாம் ஆண்டில் மறுபடி 42-க்கு ஏறியது. உலகமே மிரண்டது. ஆனால் ஆபரேஷனே செய்யாத இதய நோயாளிகளுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆறு ஆண்டுகளில் இரு தரப்புக்கும் சரிவு ஏறத்தாழ ஒன்றுதான். நெதர்லாந்தில் இயந்திரத்தோடு செய்தவர்களையும், அது இல்லாமல் துடிக்கும் இதயத்திலேயே செய்தவர்களையும் ஐந்தாண்டு கழித்து ஒப்பிட்டார்கள். அங்கும் வித்தியாசம் தென்படவில்லை. ஆரம்பக் குழப்பத்தில் ஆபரேஷனுக்குப் பங்குண்டு. நீண்ட காலச் சரிவில் பெரிய பங்கு வயதுக்கும், இருபது வருடச் சர்க்கரைக்கும், ரத்த அழுத்தத்துக்கும், புகைக்கும். நெஞ்சில் அடைத்த அதே நோய் தலைக்குப் போகும் குழாய்களையும் விட்டுவைத்திருக்காது. ஆகவே மூளை கெட்டுவிடும் என்று பயந்து, தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் இன்னொரு மூடநம்பிக்கைதான்.

மூன்றாவது தீர்ப்புதான் கொடுமையானது. கீழமாசி வீதி மளிகைக் கடையில் நாற்பது சாமானுக்கும் மனக்கணக்கிலேயே கூட்டல் போட்டவர், இப்போது எழுதிக் கூட்டியும் தடுமாறுகிறார். பேச்சின் நடுவே பேரன் பெயர் வரவில்லை. அந்த அவமானம் கோபமாக வெளியே வருகிறது. வீட்டார் அதைக் குணக்கேடு என்கிறார்கள். குணம் என்று நாம் புகழ்வதும் திட்டுவதும் மூளையின் ரத்த ஓட்டத்தைச் சார்ந்தது என்று ஒப்புக்கொண்டால் அவர் மேல் கோபம் வராது. அவரை மன்னிக்கப் பெருந்தன்மைகூட வேண்டாம், உடம்பைப் பற்றிய அறிவு போதும்.

ஆஸ்பத்திரியையும் சும்மா விட வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முன் எக்கோ, ஆஞ்சியோ, சர்க்கரை எல்லாம் பார்க்கிறார்கள். நினைவையும் கவனத்தையும் பத்து நிமிடத்தில் அளக்கும் கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. முன்னால் அளந்து வைக்காவிட்டால், பின்னால் குறைந்தது எவ்வளவு என்று யார் சொல்ல முடியும்? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது மறதி பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். டாக்டர் தெய்வமாயிற்றே! கருவறைச் சாமியை மறுத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டர் சாமியைக் கும்பிடுவது பகுத்தறிவு ஆகாது.

கேட்டால் கிடைக்கக்கூடியவை பெரிய செலவும் அல்ல. 1999-இல் வெளியான யேல் ஆய்வு, பொது வார்டில் இருந்த 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரைப் பார்த்தது. அவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்குக் கூடுதல் அக்கறை: கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும்படி வைத்தார்கள். நாள், இடம் சொல்லிப் பேசினார்கள், ராத்திரி தூங்கவிட்டார்கள், சீக்கிரம் நடக்க வைத்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. உலகத்துக்கே வழிகாட்டும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர் இது. இங்கே ஐசியுவுக்குள் போகிறவரின் மூக்குக் கண்ணாடி, வெளியே மகள் மடியில் மஞ்சப்பைக்குள் கிடக்கிறது.

கடைசியாகச் சொத்து விவகாரம். "அப்பா நல்லா இருக்கும்போதே எழுதி வாங்கிருவோம்" என்று, டிஸ்சார்ஜ் ஆன வாரமே செட்டில்மென்ட் பத்திரத்தோடு வரும் பிள்ளைகள் உண்டு. முடியாதவர் வீட்டுக்கே சார்பதிவாளரை வரவழைக்கவும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் வழியிருக்கிறது. ஆனால் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, காய்ச்சலில் பிதற்றுகிறவர் அந்தப் பிதற்றல் நீடிக்கும்வரை ஒப்பந்தம் செய்ய முடியாது என்று உதாரணத்தோடு சொல்கிறது. இதய அறுவைக்குப் பின் வரும் குழப்பத்துக்கும் அதே நியாயம்தான். தலையை ஆட்டினார் என்பதற்காகச் சம்மதித்தார் என்று ஆகிவிடாது.

முதல் ஆறு மாதத்தில் பலர் தேறிவிடுகிறார்கள் என்பதை அந்த டியூக் கணக்கே காட்டுகிறது. அதுவரை பொறுங்கள். ஆறு மாதம் காத்திருக்க முடியாத பத்திரம் எதுவும் அப்பாவின் நன்மைக்காக எழுதப்படுவதில்லை.