அடுப்படியிலும் ஒரு சுன்னத்



2020-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிவாசல்கள் அடைபட்டன. ஏப்ரல் 24-ல் தொடங்கிய நோன்பில் தராவீஹ் வீட்டில். பள்ளியில் வாங்கிவரும் நோன்புக் கஞ்சியும் வீட்டில். கடை அடைத்த ஜவுளிக்காரருக்கு வாரமெல்லாம் ஞாயிறுதான். வீட்டுக்காரிக்கோ ஒரு ஞாயிறும் இல்லை! நொய் களைந்து, வெந்தயம் ஊறப்போட்டு, பூண்டு உரித்து, தேங்காய்ப்பால் பிழிந்து, வாரத்துக்கான மீனையும் ஆய்ந்து அவர் நிற்க, ஆண்கள் பலர் மஃரிப் பாங்குக்காகக் கடிகாரம் பார்த்திருந்தார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழப் புறப்படுவார்கள் என்றார்கள் நாயகி. இது புகாரியில் வரும் செய்தி. செருப்பையும் தாமே தைத்துக்கொண்டதாக வேறு அறிவிப்புகளில் உண்டு. தாடியின் நீளத்தில் சுன்னத்தை அளப்பவர்கள், இந்தச் சுன்னத்தை மட்டும் அடுப்படி வாசலில் விட்டுவிடுவதேன்?

கை பட்டதுமே வெங்காயம் நல்லதா அழுகலா என்று சொல்லும் மளிகைக்காரருக்கு அதை உரிக்கத் தெரியாதா? மூட்டை தூக்கிய கைக்குச் சட்டி பாரமா? கால் கிலோ பருப்புக்கு வந்தவரிடம் காட்டும் சிரித்த முகம் வீட்டுக்கு இல்லையா?

கட்டுப்பாடு நீங்கி, பள்ளிவாசல்கள் திறந்து ஆண்டுகள் ஆயின. ஞாயிறு வந்தால் இன்றும் அதே நாற்காலி, அதே குரல்: "தண்ணி கொண்டா!"

வரும் ஞாயிறு லுஹருக்கு முன் மீனை நீங்கள் கழுவுங்கள். அவர் குர்ஆனை எடுத்து நிதானமாக உட்காரட்டும்.