திசையெல்லையும் ஐந்து அதிசாரங்களும்



பூவிருந்தவல்லியிலிருந்து திருமழிசை வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர்க்குக் குத்தம்பாக்கம் புதிய பெயரன்று. நம் சமுதாயத்து இளைஞர் பலர் அவ்வூர்ப் பக்கத்தைக் கடந்தே நாள்தோறும் பணிக்குச் செல்கின்றனர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நிலமும் ஏரும் ஜினாலயமுமாக வாழ்ந்த குடும்பங்கள் சென்னையின் மேற்குப் புறத்தில் வந்து குடியேறியது பிழைப்பின் பொருட்டேயாம். முதலில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளும் அழைத்தன. 1990களின் இறுதி தொடங்கி இருங்காட்டுக்கோட்டையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் எழுந்த ஆலைகள் அழைத்தன. விடியுமுன் எழுந்து ஷிப்டுப் பேருந்துக்கு ஓடும் பிள்ளைகள் இன்று நம்மவர் இல்லங்களில் பலர்.

இத்தகைய வாழ்வுக்கிடையே விரதங்களைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்னும் ஐயம் நமக்கும் உண்டு. சென்ற கார்த்திகை நந்தீசுவர தினங்களில் அன்பர் ஒருவர் இல்லத்தில் கூடியிருந்தபோது தேசவிரதத்தை விளக்கிக் கொண்டிருந்தோம். திசைவிரதமாவது, வாழ்நாள் முழுமைக்கும் பத்துத் திசைகளிலும் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் எனக் கடலையோ மலையையோ ஆற்றையோ நாட்டையோ எல்லையாகக் கொள்வது. அந்த எல்லைக்குள்ளேயே ஒரு நாளோ, ஒரு பட்சமோ, ஒரு திங்களோ காலவரையறை செய்து, என் வீடு, என் ஊர், என் வயல் என மேலும் குறுக்கிக் கொள்வது தேசவிரதம். தத்துவார்த்த சூத்திரம் இதனைக் குணவிரதங்களில் வைக்கும்; சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகம் சிட்சாவிரதங்களில் வைக்கும். அந்த வேறுபாடு இங்கு நமக்கு வேண்டுவதில்லை.

அப்போது கார் உதிரிப்பாக ஆலையொன்றில் பணிபுரியும் இளைஞர் எழுந்து, “ஐயா, வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன் என்று எல்லை வைத்துக்கொண்டு, உள்ளே அமர்ந்தபடி கைபேசியில் அமெரிக்காவில் உள்ள அண்ணனோடு பேசினால் விரதம் நிற்குமா, போகுமா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். ஆனால் இல்லம் திரும்பி நூலைப் புரட்டியபோதுதான் வெட்கம் வந்தது. அவர் கேட்ட கேள்விக்கு விடை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தது. எத்தனையோ முறை படித்த பகுதி அது. கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை.

தேசவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. எல்லைக்கு அப்பாலுள்ள பொருளை வருவித்துக் கொள்வது ஆனயனம். தான் போகாமல் ஏவலாளை அப்பால் அனுப்பிக் காரியம் முடிப்பது பிரேஷ்யப் பிரயோகம். எல்லைக்குள் நின்றபடியே அப்பால் உள்ளோர் செவியில் விழுமாறு குரலெழுப்புவது சப்தானுபாதம். தன் உருவைக் காட்டிக் கருத்தை உணர்த்துவது ரூபானுபாதம். கல்லையோ மண்ணாங்கட்டியையோ எறிந்து அப்பால் உள்ளோரைத் திரும்பிப் பார்க்கச் செய்வது புத்கலக்ஷேபம்.

அன்பர்களே, இவ்வைந்தையும் மற்றொரு முறை படித்துப் பாருங்கள். பொருள்களை வீட்டு வாசலில் தருவிக்கும் செயலி, அதனைச் சுமந்து வரும் இளைஞர், தொலைபேசிக் குரல், காணொளி அழைப்பு, நொடிக்கொரு முறை ‘டிங்’ என ஒலித்து நம்மைத் திரும்பிப் பார்க்கவைக்கும் அறிவிப்பு என இன்றைய கைபேசியின் தொழில் முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. ஆசாரியர்கள் கைபேசியை முன்னறிந்து சொன்னார்கள் என்று நாம் கூறவில்லை. அப்படிப் பெருமை பேசுவது நமக்கு உடன்பாடும் அன்று. அவர்கள் அறிந்தது மனித மனத்தை. காலைக் கட்டிப் போட்டால் மனம் குரலாகவும் உருவாகவும் கட்டளையாகவும் வேலி தாண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். அன்று தாண்டுவதற்குக் கனைப்பும் கல்லும் இருந்தன. இன்று வேறு கருவிகள் இருக்கின்றன.

எல்லை ஏன் வேண்டும்? இரத்தினகரண்டகத்தின் கருத்து மிக நுட்பமானது. இல்லறத்தானுடைய அணுவிரதம் சிறிய விரதம்; முனிவருடைய மகாவிரதம் முழுமையானது. ஆனால் எல்லை வகுத்துக்கொண்ட இல்லறத்தானுக்கு, அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள நிலப்பரப்பில் நுண்ணிய பாவமும் இல்லையாதலால், அங்கு அவனுடைய அணுவிரதமே மகாவிரதத்தை ஒத்துவிடுகிறது. எல்லை குறுகக் குறுக அவன் முனிவனாய் நிற்கும் நிலம் விரிகிறது! இக்கருத்துகளைத் தமிழில் குறட்பாக்களாகத் தந்த அருங்கலச்செப்பு நம் முன்னோர் பலர்க்கு மனப்பாடமாயிருந்தது. அவர்கட்கு எல்லை வகுப்பது எளிது; ஊர் எல்லையே வாழ்வின் எல்லையாக இருந்தது. நமக்கு எல்லையை நாமே தேட வேண்டியிருக்கிறது.

ஆனயனத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. நம் நாடு இறக்குமதி செய்துவந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அந்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் நம் மளிகைக் கடைகளில் எண்ணெய் விலை ஏறியது. “இந்தப் போர் எப்போது முடியும்?” என்று நாமெல்லாம் கேட்டோம். உயிர்கள் மடிவதை எண்ணிக் கேட்டோமா, எண்ணெய் விலையை எண்ணிக் கேட்டோமா? நம்மைப் பொறுத்தவரை, இரண்டாவதே முதலில் நாவில் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கு நடக்கும் கொலையில் நமக்குப் பங்கில்லைதான். ஆயினும் தொலைதூரத்துப் பொருளை அன்றாடத் தேவையாக்கிக் கொண்டால், தொலைதூரத்து உயிரின் துன்பமும் விலைப்பட்டியலில் ஒரு வரியாகவே நமக்குத் தெரியத் தொடங்குகிறது. ஆனயனத்தால் வரும் கேடு இதுவே என்று கருதுகிறோம்.

நம் ஊர்ப்பக்கத்தில் மல்லாட்டை விளைந்து செக்கில் ஆடி எண்ணெயாக வந்த காலம் முதியோர்க்கு நினைவிருக்கும். (அந்த மல்லாட்டையும் கடல் கடந்து வந்த பயிர்தான், மணிலாக் கொட்டை என்னும் பெயரே அதற்குச் சான்று. முன்னோர் எல்லையும் முழுக்க அடைபட்டதன்று என்பதற்காக இதனைச் சொன்னோம்.)

இங்குதான் குத்தம்பாக்கம் நம் கவனத்துக்கு உரியதாகிறது. அவ்வூரில் பிறந்து வேதிப்பொறியியல் பயின்ற இளங்கோ ரங்கசாமி என்பார், அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் தாம் பார்த்த வேலையை 1990களின் நடுவில் துறந்து ஊர் திரும்பினார். 1996ஆம் ஆண்டு ஊராட்சித் தலைவரானார். பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். கள்ளச்சாராயமும் சாதிப் பிணக்கும் வருத்திய ஊர் அது. காந்தியடிகளின் கிராம சுயராஜ்யமும், தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கிராமப் பொருளியலும் அவருக்கு வழிகாட்டின. ஊரார் மாதந்தோறும் வெளியிலிருந்து எதை எதை வாங்குகின்றனர், அவற்றுள் எவற்றை ஊரிலும் அண்டை ஊர்களிலுமே ஆக்கிக் கொள்ளலாம் எனக் கணக்குப் பார்ப்பதே அவர் முறை. விளைந்த பயறு நகரத்துக்குப் போய்ப் பருப்பாகி ஊருக்கே ஏன் விலையேறித் திரும்ப வேண்டும்? பருப்பை இங்கேயே உடைக்கலாம். எண்ணெயை இங்கேயே ஆட்டலாம். வீடு கட்டச் சூளையில் வேகாத, அழுத்திச் செய்த மண்கல்லை இங்கேயே வார்க்கலாம். அண்டை ஊர்களை ஒரு தொகுப்பாக்கி, அடிப்படைத் தேவைகளைத் தொகுப்புக்குள்ளேயே பரிமாறிக்கொள்வது அவர் வகுத்த திட்டம்.

அவர் திசைவிரதம் என்னும் சொல்லைக் கருதிச் செய்தவரல்லர். வறுமை நீங்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆயினும் ஒரு கோடு கிழித்து, இதற்குள் கிடைப்பதை இதற்கு வெளியே தேடேன் என்று ஓர் ஊர் சொல்ல முயன்றதைக் காணும்போது நமக்குப் பரிச்சயமான முகத்தைக் கண்டது போன்றிருக்கிறது. காந்தியடிகள் 1891இல் பம்பாயில் சந்தித்து மதித்துப் போற்றிய ஸ்ரீமத் ராஜசந்திரர் சமண நெறியினர், நவரத்தின வணிகர் என்பதையும் இங்கு நினைவு கூர்வது தகும். பெரிய வணிகப் பேச்சு முடிந்த மறுகணமே அவர் ஆன்ம விசாரத்தை எழுதத் தொடங்கிவிடுவார் எனச் சத்திய சோதனை கூறும். தொழிலில் இருந்துகொண்டே எல்லை காப்பது இயலாததன்று.

எல்லை என்றவுடன் பிறரை அண்டவிடாத மதில் என்று கொள்ளலாகாது. குத்தம்பாக்கத்தில் தமிழக அரசின் சமத்துவபுரம் அமைந்தபோது, முன்னர்ச் சாதியால் பிரிந்திருந்த இரு குடும்பங்கள் ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. எல்லை நம் ஆசைக்கே அன்றி அயலாருக்கு அன்று. நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் இவ்விரண்டும் இடம் மாறிக் கிடப்பதை இங்கு விரிக்க வேண்டாம்.

உலகமும் அவ்வூரை அப்படியே விட்டுவிடவில்லை. நகரின் குப்பையைக் கொண்டுவந்து அவ்வூர் மேய்ச்சல் நிலத்தில் சேர்க்கும் திட்டம் வந்தது. ஊரார் எதிர்த்துப் போராடினர். 2020 மே மாதத்தில் கொரோனா பரவிக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, சென்னையின் காய்கறி வாணிபமே சில மாதங்கள் அருகிலுள்ள திருமழிசைக்கு வந்திறங்கியது. பின்னர் நகரத்தின் புறநகர்ப் பேருந்து முனையத்துக்கும் குத்தம்பாக்கமே இடமாயிற்று. எத்தனை கோடு கிழித்தாலும் சாலை அதன்மேல் ஏறி வருகிறது. பிழைப்பும் அத்தகையதே. 2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. எங்கோ எடுக்கப்படும் முடிவுகளும் இங்கு நடந்த வரி வழக்கும் சேர்ந்து, ஆயிரக்கணக்கானோர் வேலையை இழக்கச் செய்தன. இச்சூழலில் பிள்ளைகளைப் பார்த்து உலகத்தோடு தொடர்பே வேண்டாம் என்று சொல்லுவது அறமும் ஆகாது, அறிவும் ஆகாது. திசைவிரதத்தின் எல்லையை ஆலையையும் உள்ளடக்கி வகுத்துக்கொள்ள நூல் தடை சொல்லவில்லை. பெரிய வட்டத்துக்குள் சிறிய வட்டத்தைச் சில நாழிகைக்கேனும் இடத்தான் தேசவிரதம் இருக்கிறது.

பிரேஷ்யப் பிரயோகத்தைப் பற்றி ஒன்று கூறுவோம். மழை பெய்யும் இரவில் நாம் வீட்டுக்குள் இருந்தபடி விரலால் தொட்டதும், இரு சக்கர வண்டியில் நனைந்தபடி ஓர் இளைஞர் பொட்டலம் கொண்டுவருகிறார். வழியில் அவர் சக்கரத்தில் படும் சிற்றுயிர் யார் கணக்கில் சேரும்? ஈரியாசமிதியோடு நடக்கும் முனிவரை வணங்கிவிட்டு வந்து, நம் பசிக்காகப் பிறரை விரையச் செய்கிறோம். போகாமல் இருந்ததனால் பாவம் இல்லை என்று நினைப்பவர்க்காகவே இவ்வதிசாரம் எழுதப்பட்டது.

கேள்வி கேட்ட இளைஞரிடம் மறுவாரம் இதையெல்லாம் கூறினோம். அண்ணனோடு பேசுவது பாவமன்று. எல்லை வகுத்த வேளையில் பேசினால் அது அதிசாரம். ஆகவே பேசிவிட்டு எல்லையைத் தொடங்குக என்றோம். முதலில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தோடு சேர்த்துக் கைபேசியை அணைத்து வைக்குமாறு சொன்னோம். சதுர்த்தசி நாளில் மட்டும் மாலை தொடங்கி விடியும்வரை. நாமும் உடன் தொடங்கினோம். முதல் சதுர்த்தசியன்று மூன்று முறை நம் கை தானாக அலமாரிப் பக்கம் போயிற்று; அவ்வளவே நம் தேர்ச்சி.

அவர் வேறொன்றும் கேட்டார். அவரை வாட்டியது உண்மையில் அதுதான். இரண்டாம் ஷிப்டு வாரத்தில் ஆலை உணவகத்தில் இரவு எட்டு மணிக்குத்தான் சாப்பாடு. பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் எவரும் பொழுது சாய்ந்தபின் உண்டதில்லை. இவர்தான் முதலாவதாக உண்கிறார். “மின்விளக்கு வந்துவிட்டது, பூச்சி விழுவது தெரியாதா?” என்று உடன் பணிபுரிவோர் கேட்கின்றனராம். ஐப்பசி மழைக்குப் பின் ஈசல் எங்கே மொய்க்கிறது என்று அவர்களைப் பார்க்கச் சொல்லுமாறு கூறினோம். விளக்கு பூச்சியைக் காட்டுவது மட்டுமன்று, அழைக்கவும் செய்கிறது. ஆனால் வாதத்தால் பசி தீராதே!

வழி கண்டவர் அவருடைய தாயார். மாலைத் தேநீர் இடைவேளை ஐந்தரை மணிக்கு, பதினைந்து நிமிடம். அதற்குள் உண்ணத்தக்கதாகச் சோறும் துவட்டலும் ஒரே டப்பாவில் வைத்துத் தருகிறார். கார்த்திகையில் பொழுது விரைவில் சாய்வதால் கடைசிக் கவளம் விரைவுக் கவளமாகிறதாம். எட்டு மணிக்கு மற்றவர் உண்ணும்போது அவர் உடன் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். முதலில் கேலி செய்தவருள் ஒருவர் இப்போது அந்நேரத்தில் அவருக்காக இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு மேலும் ஐந்து நிமிடம் தருகிறார் எனக் கேட்டு மகிழ்ந்தோம்.

மூன்றாம் ஷிப்டுக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. மாலையில் உண்டுவிட்டுப் போனால் இரவு முழுவதும் நின்று வேலை செய்யும் உடல் மூன்று மணிக்குத் தளர்கிறது. தண்ணீராவது பருகலாமா என்று கேட்டிருக்கிறார். உடல் நிலைக்கும் ஆற்றலுக்கும் ஏற்ப எடுப்பதே இல்லறத்தான் விரதம் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் இரவுப் பணி செய்தறியாத நாம் மட்டும் அமர்ந்து அதனை முடிவு செய்ய விரும்பவில்லை. பங்குனி நந்தீசுவர தினங்களில் மீண்டும் கூடுகிறோம். அம்பத்தூர், ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் இரவுப் பணி பார்க்கும் பிள்ளைகள் தத்தம் வழக்கத்தை அங்கு வந்து கூறுமாறு கேட்டுக்கொள்கிறோம். பொழுது சாயுமுன் உணவு பரிமாறப்படும்.