ஆராய்ச்சி யாருக்காக?

கண்டியை அடுத்த பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு முனையும் மாணவருக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர் ஓர் இயற்கை ஆய்வுக்கூடம். மூக்கின் நுனியில் இலைபோன்ற தசையைத் தாங்கிய ஓர் ஓணான், உலகில் அம்மலைகளில் மட்டுமே வாழ்கிறது. 1861இல் அறிவியல் அதற்குச் சூட்டிய பெயர், இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த டெனென்டின் பெயர். மலையோரச் சிற்றூர் மக்களின் பெயரன்று.

ஓணானை ஆராய்வது வீண் என நாம் கூறவில்லை. உடனடிப் பயனை மட்டுமே வேண்டியிருந்தால், மண்புழுக்களைப் பற்றி 1881இல் டார்வின் வெளியிட்ட நூல் பிறந்திராது. அறிவுக்குச் சுதந்திரம் வேண்டும். ஆனால் சுதந்திரம் கடமையை நீக்கிவிடுமா?

பெருமரங்களின் நிழலில் கீழ்ச்செடிகளை அழித்து ஏலம் பயிரிட்டதால் அக்காடு சீர்குலைந்தது. அதே ஏலம்தான் பல ஏழைகளுக்குச் சோறிட்டது. காட்டின் அழிவை அளந்து, கூலியின் இழப்பை அளக்காத ஆய்வு, ஓணானைக் காப்பதன் பேரால் உழைப்பாளியை மட்டும் குற்றவாளியாக்கும்.

1945இல் மலர்ந்த இலவசக் கல்வியால் கற்றவர் நாம். அதன் செலவில் தேயிலை கொய்த கைகளின் உழைப்பும் கலந்திருக்கிறது. ஆகவே ஆய்வின் முடிவை ஆங்கில ஏட்டோடு நிறுத்தாமல், தமிழிலும் சிங்களத்திலும் அம்மக்கள் முன் வைத்து, அவர்கள் மறுமொழியையும் கேட்பதே ஆராய்ச்சியாளர் தீர்க்க வேண்டிய கடன்.