பழைய கத்திக்கு எது மரியாதை?

ஜப்பானின் பழைய கைவேலைச் சமையல் கத்திகளுக்கு இன்று உலகெங்கும் மவுசு. ஒசாகாவை அடுத்த சாக்காய் நகரம் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், கைப்பிடி பூட்டுபவர் வேறொருவர். மெல்லிரும்போடு கடின எஃகை உலைச் சூட்டில் சேர்த்தடிப்பதால் கூர் நெடுநாள் நிற்கிறது, அலகும் எளிதில் உடைவதில்லை. ஆண்டுக்கணக்கில் கல்லில் தீட்டிய கத்தி அகலம் குறைந்து ஒடுங்கிப்போகிறது. அந்தத் தேய்மானத்துக்காகவே அதைத் தேடி வாங்குபவர்களில் சிலர் தினமும் அதில் காய் நறுக்குகிறார்கள். சிலர் எண்ணெய் பூசிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இரண்டில் எது கருவிக்குச் செய்யும் மரியாதை?

தருமபுரி மண்ணுக்கு இது பழைய கேள்வி. சங்ககாலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்காக மன்னன் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டு, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. மேலுக்குத் தொண்டைமானைப் புகழ்வதுபோல இருந்தாலும் பெருமை கொட்டிலுக்கே போகிறது. கொல்லும் வேலுக்கே இந்தத் தீர்ப்பு என்றால், சோறு சமைக்க உதவும் அரிவாள்மனைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் மயிலாடும்பாறையில் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. இரும்போடு இத்தனை நீண்ட பழக்கமுள்ள மக்கள் அதைக் கும்பிடவும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஆயுத பூசையன்று பட்டறையில் உலை மூட்டுவதில்லை. சம்மட்டி, குறடு, அரம் எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இட்டுப் படையலுக்கு முன் இருக்கும். மறுநாள் விஜயதசமியில் அதே சம்மட்டி மறுபடி கைக்கு வந்துவிடும். ஓய்வு ஒரு நாள்தான். கருவியைப் படத்தோடு படமாகப் பூசையறையில் நிறுத்திவிட யாரும் நினைப்பதில்லை. ஜப்பானின் ஹாரி குயோ சடங்கும் இதற்கு நெருக்கமானது. உடைந்த ஊசிகளை மெத்தென்ற டோஃபுவில் குத்தி, உழைத்ததற்கு நன்றி சொல்லி வழியனுப்புகிறார்கள். நன்றி பெறுவது உழைத்து ஓய்ந்த ஊசி.

ஜப்பானியக் கைவினைச் சிந்தனையாளர் யானகி சோயெட்சு இதையே அழகியலாக விரித்தார். பேர் தெரியாத கைவினைஞர் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த பொருளின் அழகு புழங்கப் புழங்கத்தான் கூடுகிறது என்பது அவர் கொள்கை. ஆனால் அவரே 1936இல் தோக்கியோவில் நாட்டார் கைவினைகளுக்கு ஓர் அருங்காட்சியகம் திறந்தார். இதை முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. அடித்தவரும் போய், அடிக்கும் முறையும் மறைந்தபின், பாதுகாத்த அலகு ஒன்றே அடுத்த கொல்லனுக்கு ஆசான். பெட்டியில் வைப்பதற்கு அந்த ஒரு நியாயம் உண்டு. அழகாக இருக்கிறது என்பது போதிய நியாயமாகாது.

தருமபுரிப் பக்கம் இன்னும் லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பரணில் துருவேறிக் கிடக்கும் பாட்டியின் அரிவாள்மனையை அவர்களிடம் கொண்டுபோய்க் கூர் வைத்து வாங்கி, அடுப்படியில் போட்டுப் புழங்குங்கள்.