பொய் சொன்ன பொன்வண்டு

ராயபுரத்துத் தேநீர்க் கடையொன்றிலே, மாலை மயங்கும் நேரத்திலே, ஒரு படம் நம் கைக்கு வந்தது. பொன்வண்டு! பச்சையா, பொன்னா, செம்பா என்று கண் தடுமாறும் நிறம். முதுகெங்கும் ஊசி முனையால் ஒற்றியெடுத்தாற் போன்ற சிறு குழிகள். உணர்கொம்பின் கணுக்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம், அத்துணைத் தெளிவு. சிவந்த ரோசா இதழொன்றின் மீது அது வீற்றிருக்க, அதன் தோளிலே பனித்துளி ஒன்று பளிங்குக் குண்டுபோல் நிற்கிறது.

எடுத்தவர் துறைமுகத்தில் பணிபுரியும் இளைஞர். தவணையிலே காமிரா வாங்கி, ஞாயிறுதோறும் அதைத் தோளிலே மாட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் அலைகிறவர். "எப்படி இருக்கிறது?" என்றார். "அருமை!" என்றோம். கடையிலிருந்தோர் அனைவரும் அதையே சொன்னார்கள், ஒருவரைத் தவிர.

மூலையிலே அமர்ந்திருந்த முதியவர், எண்ணூர்க் குப்பத்து மீனவர், படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, இத்த எங்க புட்ச்ச?"

"எண்ணூராண்ட, நைனா. கருவேல மரத்துல."

"கருவேல மரத்துல ரோசாப்பூ பூக்குதா?"

கடை சிரித்தது. இளைஞர் சிரிக்கவில்லை. நல்ல உள்ளம் படைத்தவர், மறைக்காமல் சொல்லிவிட்டார். வண்டைப் பிடித்துப் பெட்டியிலிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். குளிர்பதனப் பெட்டிக்குள் சிறிது நேரம் வைத்தாராம். பூச்சிக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் நம்மைப் போல் இல்லை; சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதுவும் குளிர்ந்து மரத்துப்போகும். மரத்துப்போன வண்டை ரோசாவிலே உட்கார வைத்து, கிளிசரின் கலந்த நீரை ஊசிக்குழலால் ஒரு சொட்டு வைத்து, விளக்குப் போட்டுப் படம் எடுத்தாராம். பனித்துளியும் பொய், பூவும் பொய், அமர்ந்த கோலமும் பொய்.

"அப்புறம்?" என்றார் முதியவர்.

"எழுந்திருக்கலை, நைனா."

தோழர்களே, அந்த இளைஞருக்கு நீதிபதியாக அமரும் தகுதி நமக்கில்லை. நாமும் சிறுவயதிலே பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து, தழை போட்டு, முட்டையிடுமா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தவர்கள்தாம். தட்டானின் வாலிலே நூல் கட்டிப் பறக்கவிட்டு ஆர்ப்பரித்தவர்கள்தாம். எனினும் கேள்வி எழுந்துவிட்டது. அழகைக் காட்டுவதற்காக ஓர் உயிரை அடக்கலாமா? அடக்கியதைச் சொல்லாமல் மறைக்கலாமா? இவை இரண்டும் ஒரே கேள்வியல்ல. தனித்தனியே பார்க்க வேண்டியவை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். இந்தக் கலை கடினமானது. வண்டு எத்தனை நீளமோ அத்தனை நீளமே காமிராவின் படத்தளத்திலும் விழ வேண்டுமென்று நெருங்கிச் சென்றால், தெளிவாகப் பதியும் ஆழம் ஒரு மில்லி மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கண் தெளிந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் கொம்பு மங்கும். எடுப்பவர் மூச்சு விட்டால் படம் கலையும். ஆகவே, சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாக்கும் முறையைக் கண்டிருக்கிறார்கள். பல படம் எடுத்து முடிக்கும் வரை உயிர் அசையக்கூடாது. அசையாத உயிர் என்பது ஏறக்குறைய பிணம். கலையின் சிக்கல் அங்கேதான் அறத்தின் சிக்கலாகிறது.

"பூச்சிதானே! இதற்கொரு கட்டுரையா?" என்று கேட்போர் உண்டு. "எவ்வுயிரையும் தீண்டாதே!" என்று எதிர்ப்பக்கம் நின்று கூறுவோரும் உண்டு. நடக்கும் வழியை மயிற்பீலியால் கூட்டி நடக்கும் துறவியின் நோன்பை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அது ஊருக்கு வழியாகாது. 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்திலே ரொனால்டு ராஸ் ஒரு கொசுவை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்தக் கொசுவுக்காக அழுவோர் யார்? காய்ச்சலைத் தெய்வக் குற்றமென்று நம்பிப் பலி கொடுத்துக்கொண்டிருந்த மக்களுக்கு அந்த ஒரு கொசு செய்த தொண்டு பெரிது. அறிவுக்காகக் கொல்வது குற்றமென்று நாம் வாதாடப் போவதில்லை.

அப்படியானால் எல்லை எது?

அதை 1665-இலேயே ஒருவர் காட்டிவிட்டார். இலண்டன் நகரத்து ராபர்ட் ஹூக், உருப்பெருக்கியின் வழியே கண்டவற்றை வரைந்து வெளியிட்ட நூல் 'மைக்ரோகிராஃபியா'. தெள்ளுப்பூச்சி ஒன்றை மடித்து விரிக்கும் பெரிய தாளிலே பூனையளவுக்கு வரைந்து ஊரையே வியக்க வைத்தவர் அவர். எறும்பை வரைய முயன்றபோது மட்டும் திணறிப் போனார். மெழுகிலும் பசையிலும் காலை ஒட்டினால், அது உடலை முறுக்கிக்கொண்டு துடித்தது. கொன்றாலோ உரு சிதைந்தது. கடைசியில் எறும்பைச் சாராயத்தில் முக்கினார். அது மயங்கிக் கிடந்தது, வரைந்துகொண்டார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றதும் எறும்பு தெளிந்தெழுந்து ஓடிவிட்டது. (மதுவிலக்குக்காரராகிய நாம் எறும்புக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா என்பதைப் பிறிதொரு நாள் ஆராயலாம்.) இத்தனையையும் எப்படித் தெரிந்துகொண்டோம்? ஹூக்கே தம் நூலில் எழுதி வைத்தார். ஒட்டியதையும் எழுதினார், முக்கியதையும் எழுதினார். எறும்பு ஓடியதைக்கூட எழுதினார்.

நம் காலத்திலே லெவான் பிஸ் என்னும் ஆங்கிலப் படக்கலைஞர், ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துப் பூச்சிகளைப் படமெடுத்து 2016-இல் காட்சிக்கு வைத்தார். ஒரு பூச்சிக்கு ஏறத்தாழ 8,000 படங்கள்! எல்லாவற்றையும் சேர்த்து ஆளுயரத்துக்கும் மேலே ஓங்கி நிற்கும் ஒரே உருவமாக்கினார். அவை அருங்காட்சியகத்து இழுப்பறையிலே நெடுநாளாக இருந்த இறந்த பூச்சிகள். இறந்தவை என்று சொல்லியே காட்டினார். அங்கே பொய் இல்லை.

அருங்காட்சியகத்துப் பூச்சிக்கு ஒரு சீட்டு உண்டு. ஊசியிலே குத்தப்பட்ட உடலுக்குக் கீழே சின்னஞ்சிறு தாள்: பிடித்த இடம், பிடித்த நாள், பிடித்தவர் பெயர். சீட்டைக் கிழித்தெறிந்தால் எத்தனை அழகிய பூச்சியாயினும் ஆராய்ச்சிக்குப் பயனற்ற குப்பை. நம் இளைஞரின் பொன்வண்டு இழந்தது உயிரை மட்டுமன்று, சீட்டையும் இழந்தது. எண்ணூர்க் கருவேலத்தில் பிறந்தது என்னும் உண்மையை ரோசா விழுங்கிவிட்டது.

சீட்டு என்றதும் இன்னொரு நினைவு வருகிறது. அது இனிய நினைவன்று. 1851-இல் தோன்றிய நம் சென்னை அருங்காட்சியகத்திலே, எட்கர் தர்ஸ்டன் என்பவர் 1885 முதல் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். கடல் வாழ் உயிர்களை ஆராய்ந்த கை, பிறகு மனிதரை அளக்கத் தொடங்கிற்று. மூக்கின் அகலம் எத்தனை, நீளம் எத்தனை என்று அளவுகோல் வைத்துப் பார்த்தார். மூக்கு அகல அகலச் சமூகப் படியிலே ஆள் தாழ்ந்திருப்பான் என்று ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் அதிகாரி முடிச்சுப் போட்டிருந்த காலம் அது! 1909-இல் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதிலுள்ள படங்களைப் புரட்டிப் பாருங்கள். அசையாதே என்று சொல்லி நிறுத்தப்பட்ட மனிதர்கள். படத்தின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இல்லை, சாதியின் பெயர்! ஒரு பெட்டியிலே வண்டு. இன்னொரு பெட்டியிலே மனிதன். அந்நூல் ஆய்வாளருக்கு இன்றும் பயன்படுவதை மறுக்கவில்லை. ஆனால் நெருங்கிப் பார்ப்பது வேறு, நெருங்கி வந்து அளந்துவிட்டுப் போவது வேறு என்பதை அந்தப் படங்களைப் போல் எதுவும் நமக்குக் கற்பிக்கவில்லை.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2023 திசம்பரிலே மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலை ஆற்றுக்கு வந்து, எண்ணூர்க் கழிமுகத்தையே கரும்படலமாக மூடிற்று. படகு கறுத்தது, வலை கறுத்தது, அலையாத்தி வேர்கள் கறுத்தன. கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் எண்ணெய் ஒட்டி நின்றன. மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளினார்கள். காமிராக்கள் வந்தன. வந்தது நன்றே, வராதிருந்தால் ஊர் அறிந்திராது. ஆனால், அன்று தேநீர்க் கடையிலே அந்த முதியவர் சொன்ன ஒரு சொல்லை நம்மால் மறக்க முடியவில்லை.

"என் கை பேப்பர்ல வந்துச்சு. மூஞ்சி வரல."

கருத்த கை நல்ல படம், ஐயமில்லை. அந்தக் கைக்குரியவரின் பெயரை மட்டும் எவரும் கேட்கவில்லை. ரோசாவின் மீதிருந்த பொன்வண்டுக்கும், தாளில் வந்த அந்தக் கைக்கும் உறவு உண்டென்று நாம் சொன்னால், மிகை என்பீர்களா?

இதனால் என்ன கேடு என்றும் கேட்கலாம். எண்ணூர் என்றதும் வெளியூரார் கண்ணிலே நிற்பது என்ன? புகைபோக்கி, கரிக்குவியல், சாம்பல், சேறு. கழிமுகத்துக்கு வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பற் கூழ் குழாய்களிலிருந்து கசிந்து வந்து படிந்ததை மீனவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். "அங்கே என்ன இருக்கிறது, வெறும் புறம்போக்கு!" என்பது எளிதில் வாயில் வரும் விடை. புறம்போக்கு! பட்டா நிலத்துக்குப் புறம்பாக, வரி விதிக்காமல் ஊர்ப் பொதுவுக்கு விட்ட நிலத்துக்குப் பெயர் அது. ஏரியும் மேய்ச்சல் தரையும் கழிமுகமும் புறம்போக்கே. பொதுவுக்குரியதைக் குறித்த சொல்லை ஆளைத் திட்டும் சொல்லாக மாற்றிய சமூகம் நம்முடையது. 2017-இல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூரிலே நின்று 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்' பாடியபோது, அச்சொல் கருநாடக இசையில் ஏறியது கண்டு சிலர் முகம் சுளித்தார்கள், நாம் மகிழ்ந்தோம்.

"அங்கே ஒன்றுமில்லை" என்ற வாதத்துக்கு எதிரே, "இதோ இருக்கிறது" என்று நிற்கக்கூடிய சாட்சி நெருங்கி எடுத்த படந்தான். உப்பங்கழிச் சேற்றிலே இன்ன நாள், இன்ன இடத்தில் இன்ன நண்டு இருந்தது என்று காட்டும் படத்தை ஆலைக்காரரும் அதிகாரியும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சாட்சிக் கூண்டிலே ஏறியவர் ஒருமுறை பொய் சொன்னது தெரிந்தால், அவர் சொன்ன மெய்யும் மதிப்பிழக்கும். ரோசாவில் வைத்த வண்டு ஒன்று, சேற்றில் எடுத்த நூறு படங்களையும் ஐயத்துக்குள்ளாக்கும். "இதுவும் எங்கோ பிடித்து வந்து வைத்ததுதானே?" என்ற ஒரு கேள்வி போதும், வழக்குச் சாய்ந்துவிடும்!

சீர்திருத்த எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன் மா.கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுத்த அவர், காக்கையையும் அணிலையும் பல்லியையும்கூட விடவில்லை. கொல்லைப்புறத்து உயிருக்கு அவர் கொடுத்த மதிப்பைக் கழிமுகத்துச் சேற்றுக்கும் கொடுத்தால் என்ன?

அடுத்த ஞாயிறு விடியலிலே முதியவரே எங்களைப் படகிலே கூட்டிச் சென்றார். நீர் வடிந்த சேற்றுத் திட்டிலே நூற்றுக்கணக்கான சிறு நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடலளவுக்குப் பெருத்திருக்கும்; அதை உயர்த்தி உயர்த்திப் பெண்ணை அழைக்கும். பெண்ணுக்கு இரு கையும் சிறியவை. இரண்டாலும் சேற்றை வாயிலிட்டு, உணவைச் சலித்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக வெளியே வைக்கும். ஆணோ ஒரு கையால் உண்டு, மறு கையால் ஊரை அழைக்கிறது! இளைஞர் காமிராவோடு எழுந்து நின்றார். மறுகணம் திட்டு வெறுமையாயிற்று. அத்தனையும் வளைக்குள்!

காரணம் உண்டு. அந்த நண்டின் கண்கள் காம்பின் நுனியிலே நிற்பவை. தன் கண்மட்டத்துக்குக் கீழே அசைவது சக நண்டு; அடிவானத்துக்கு மேலே உயர்ந்து தெரிவது பகை. கொக்காயினும் சரி, கலைஞராயினும் சரி, நின்றால் பகைதான்.

"படுத்துக்கோப்பா," என்றார் முதியவர்.

துறைமுகத்து இளைஞர் புதுச்சட்டையோடு சேற்றிலே குப்புறப் படுத்தார். காமிராவைத் தரையோடு வைத்தார். நாங்கள் படகிலே குனிந்து காத்திருந்தோம். வெயில் ஏறிற்று; அவர் முதுகிலே உப்புப் பூத்தது. முக்கால் மணி நேரமாகியிருக்கும். முதலில் ஒரு கண் வெளியே வந்தது, பிறகு இன்னொன்று.

அந்தப் படமும் தேநீர்க் கடைக்கு வந்தது. பெருங்கை தெளிவு; கண் சற்றே மங்கல். பின்னாலே சாம்பல் நிறச் சேறு, அதற்கும் பின்னாலே புகைபோக்கியின் நிழல் போல் ஏதோ ஒன்று. முதியவர் பார்த்த உடனே, "இது முகத்துவாரத்தாண்ட, நம்ம திட்டு," என்றார். இளைஞர் படத்தின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார்: இடம், நாள், மணி, அதற்குக் கீழே, படகு ஓட்டியவர் என்று முதியவரின் பெயர்.

பொன்வண்டுப் படத்தை அவர் கிழிக்கவில்லை. அதன் பின்னாலும் எழுதியிருக்கிறார்: 'எண்ணூர், கருவேல மரம். குளிரூட்டி எடுத்தது. எழவில்லை.' ஏதோ போட்டிக்கு அனுப்புவதாக முன்பு சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பினாரா என்று நாம் கேட்கவில்லை.