பிறர் காயமும் நம் சந்தோஷமும்

பிறருக்கு வந்த கஷ்டத்தினால் நமக்கு ஒரு நன்மை விளைந்தால், அதற்காகச் சந்தோஷப்படலாமா? விளையாட்டுப் பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வி வரத்தான் செய்கிறது.

2009-ம் ஆண்டு ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்த டென்னிஸ் பந்தயம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சென்னையில் படித்த சோம்தேவ் தேவ்வர்மன் அதில் ஆடினார். உலக வரிசையில் அப்போது அவருக்கு 202-வது இடம். அந்த இடத்தை வைத்துக்கொண்டு நேராக உள்ளே நுழைய முடியாது. பந்தயம் நடத்துகிறவர்கள் தாமாகவே கொடுக்கும் 'வைல்டு கார்டு' என்னும் அழைப்பினால்தான் நுழைந்தார். முன்பு உலகின் முதல் ஆட்டக்காரராயிருந்த ஸ்பெயின் தேசத்துக் கார்லோஸ் மோயாவை வென்றார். ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள குரோவேஷியரான இவோ கார்லோவிச்சையும் வென்றார். காலையில் பத்திரிகையை விரித்ததும், "நம் பையன் இன்னும் நிற்கிறானா?" என்று தேடினவர்கள் அநேகர்.

அரையிறுதியில் எதிராளி ஜெர்மானியரான ரைனர் ஷூட்லர். மணிக்கட்டில் ஏற்பட்ட காயத்தால் அவர் விலகிக்கொண்டார். ஒரு பந்தும் அடிக்காமல் சோம்தேவ் இறுதி ஆட்டத்துக்குப் போனார்.

அந்தச் செய்தி கேட்டு நாம் மகிழ்ந்தோமே, எதற்காக மகிழ்ந்தோம்? நம்மவர் முன்னேறினார் என்றா, அயலாரின் கை நொந்தது என்றா? இரண்டும் ஒரே நேரத்தில் வந்தபடியால் பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. ஆனால் மனச்சாட்சி பிரித்துப் பார்க்கச் சொல்கிறது.

நம் மடத்துக்குளத்திலிருந்து மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. பவர் டேபிளில் தைக்கும் ஒருவருக்கு விரலில் ஊசி ஏறிவிடுகிறது. அவர் வீட்டில் கிடக்கிறார். அவருடைய இடம் உங்களுக்குக் கிடைக்கிறது. பீஸ் கணக்கில் கூடுதலாக நாலு காசு வருகிறது. அதை வாங்குவது பாவமா? இல்லை. வேலை நடந்தாக வேண்டும். உங்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால், "அவர் சீக்கிரம் குணமாகி வரட்டும், வந்தால் என் இடம் போனாலும் போகட்டும்" என்று உங்களால் மனதார விரும்ப முடிகிறதா? அதுதான் பரீட்சை. முடிந்தால், கிடைத்த லாபம் சுத்தமான லாபம். முடியாவிட்டால், அவருடைய காயத்தையே நாம் கூலியாக வாங்குகிறோம்.

இறுதி ஆட்டத்தில் சோம்தேவ், மாரின் சிலிச்சிடம் 6-4, 7-6 என்று தோற்றார். இலவசமாகத் திறந்த கதவு வாசல்வரைதான் கொண்டுவிடும். அப்புறம் ஆட வேண்டியது நம் கைதான். டென்னிஸில் ஒரு பந்தயத்தில் சேர்த்த புள்ளிகள் ஓர் ஆண்டோடு கழிந்துபோகும். மறுபடியும் உழைத்துத்தான் சேர்க்கவேண்டும். அவர் அப்படியே உழைத்து 2011-ல் 62-வது இடம்வரை உயர்ந்தார்.

ஆகையால், வாசகரே, கிடைத்த இடத்தில் நன்றாக உழையுங்கள். ஆனால் இன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, அந்த விரல் காயப்பட்டவர் வீட்டுப் படியேறி, "எப்படி இருக்கிறீர்கள், அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.